பருந்தின் வீழ்வும் பல்லாவரத்து ஈமக்காடும்

புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களை இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்க்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில் எழுந்த வினாக்களே இக்கட்டுரைக்குக் கருவாயின. கணவனை இழந்த பெண்ணொருத்தி, ஈமத்தாழி வனையும் குயவனை அழைத்து, தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி அத்தாழியை அகலமாகச் செய்து தருமாறு இரந்து நிற்கும் 256ஆம் பாடலை விளக்கினேன். வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு நெடுவழி வந்த சிறு பல்லியைப் போலத் தானும் அவனோடு வழிநடந்து வந்தவள் என்று அவள் சொல்லும் இடத்தில் வகுப்பறை சற்று நேரம் ஓசையற்றிருந்தது. பின்னர் ஒரு மாணவர் எழுந்து, “முதுமக்கள் தாழியைப் பார்க்க வேண்டுமானால் ஆதிச்சநல்லூருக்குத்தான் போக வேண்டுமா, ஐயா?” என்று வினவினார்.

“வேண்டா, பல்லாவரத்திற்குப் போனாலே போதும்” என்றேன். வகுப்பு சிரித்தது. பல்லாவரம் என்றால் அவர்களுக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை, மேம்பாலம், தலைக்கு மேலே தாழப் பறந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம். அங்கே ஈமக்காடு ஒன்று உண்டென்பது அவர்கள் கேட்டறியாத செய்தி. ஆனால், கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. “அந்தப் பழங்காலக் குழிகளால்தான் ஐயா எங்கள் அத்தாவால் வீட்டுக்கு மாடி எடுக்க முடியவில்லை” என்றார். அவர் அமர்வதற்குள் இன்னொரு மாணவர், “ஐயா, அதுவும் ஒரு கபுர்தானே? கபுரைத் தோண்டிப் பார்ப்பது தகுமா?” என்று கேட்டார்.

மூன்று வினாக்கள், மூன்றும் ஒரே நிலத்தைப் பற்றியவை. அன்று நான் அளித்த விடைகள் எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவேதான் சற்று விரிவாக எழுதத் துணிந்தேன்.

பல்லாவரத்தின் பழமை

நம் தென்சென்னைப் புறநகர்களில் பல்லாவரத்தைப் போல் காலம் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் ஊர் பிறிதொன்று இல்லை என்பேன். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூசு ஃபூட் என்பார் இங்குள்ள படைப்பயிற்சித் திடலருகே, சரளைக்கல் எடுத்த குழியொன்றில், மாந்தன் கைப்பட்டுச் செதுக்கப்பெற்ற கல் ஒன்றைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மாந்தன் இந்திய மண்ணில் வாழ்ந்தான் என்பதற்கு அறிவுலகம் ஏற்றுக்கொண்ட முதற்சான்று அக்கல்லே. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் கொசத்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் தொன்மை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது.

ஃபூட்டுக்குப் பின் கால் நூற்றாண்டு கழித்து அலெக்சாண்டர் ரீ வந்தார். பல்லாவரத்து மேட்டு நிலத்தில் அவர் அகழ்ந்தபோது சுடுமண்ணாலான ஈமப்பேழைகள் வெளிப்பட்டன. தொட்டிபோல நீண்டு, அடியில் குட்டையான கால்கள் வரிசையாக அமைந்து, மேலே மூடியும் உடையவை அப்பேழைகள். 1888இல் அவர் இச்செய்தியை எழுதி வெளியிட்டார். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தொல்பழங்காலக் கூடத்தில் இவ்வகைப் பேழைகளை இன்றும் காணலாம். அறியாத கண்ணுக்கு அவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிகளாகவே தோன்றும். நானும் முதன்முறை அவ்வாறே எண்ணிக் கடந்து சென்றேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அதே பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குடைவரை ஒன்று உண்டு. அதன் உத்திரத்தில் அம்மன்னனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பின்னாளில் அது இசுலாமியர் வந்து வணங்கும் தர்காவாயிற்று. கற்கருவி, ஈமப்பேழை, குடைவரை, தர்கா, வெள்ளையர் அமைத்த படைக்குடியிருப்பு, இன்றைய அடுக்குமாடி — இவையனைத்தும் ஒரு மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். ஒரே நிலத்தைப் பலர் பல காலத்தில் தமதாக்கிக்கொண்டனர்; ஒருவர் விட்ட தடத்தை மற்றவர் முற்றிலும் அழித்துவிடவில்லை. அண்மைக் காலத்து நாமோ அழிப்பதில் முந்தியவர்களைக் காட்டிலும் விரைவு காட்டுகிறோம்.

தாழியும் பேழையும் தமிழும்

இறந்தோரைப் பெருங்கற்களால் அடையாளமிட்டுப் புதைத்த காலத்தை அறிஞர்கள் பெருங்கற்காலம் என்பர். நிலத்தின்மேல் வட்டமாகக் கற்களை நட்டால் கல்வட்டம். வட்டத்தினுள் கற்களைக் குவித்தால் கற்குவை. பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்துப் புதைத்தால் கற்பதுக்கை. அதையே தரைக்கு மேல் எழுப்பினால் கல்திட்டை. உள்ளே தாழியோ பேழையோ இருக்கலாம். இரண்டுமின்றி வெறுங்குழியாகவும் இருக்கலாம். ஊர்மக்கள் இவற்றுக்குத் தாமே பெயரிட்டு வைத்துள்ளனர். பாண்டவர் குழி என்பர். குள்ளர் வீடு என்பர். வாலியர் வீடு என்றும் சில ஊர்களில் வழங்கும். சாகாமல் குறுகிக்கொண்டே போன கிழவர்களைத் தாழியில் வைத்துச் சோறும் தண்ணீரும் ஊற்றி வைத்தார்கள் என்ற கதையை நம்மில் பலர் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்போம்.

செங்கல்பட்டு வட்டாரம் இச்சின்னங்களுக்குப் பேர்போனது. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் என்.ஆர். பானர்ஜியும் கே.வி. சௌந்தரராசனும் 1950, 1952ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தனர். அமிர்தமங்கலத்தில் 1955இல் தாழிகள் அகழப்பட்டன. திருக்கழுக்குன்றத்தை அடுத்த குன்னத்தூரில் வி.டி. கிருஷ்ணசாமி அகழ்ந்தார். இவையெல்லாம் தொல்லியல் ஆய்விதழ்களில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. தமிழ்த்துறைகள் அவற்றை எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் எதிர்த்திசையிலிருந்து ஒருவர் நம்மிடம் வந்தார். கே.ஆர். சீனிவாசன் என்னும் தொல்லியல் அறிஞர் தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைத் தமிழ் இலக்கியத்தின் ஒளியில் ஆராய்ந்து 1946இல் ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். சங்க நூல்கள் கூறும் பதுக்கையும் தாழியும், இறந்தோரை அடக்கும் முறைகள் ஐந்தென மணிமேகலை எண்ணிக் காட்டும் பகுதியும், கள ஆய்வில் கண்ட சின்னங்களோடு எவ்வாறு பொருந்துகின்றன என்று அதில் எடுத்துக்காட்டினார். எரித்தலும், வாளாவிட்டு வருதலும், குழியிற் புதைத்தலும், அறையில் அடைத்தலும், தாழியாற் கவித்தலும் ஒரே நகரின் ஒரே ஈமக்காட்டில் அடுத்தடுத்து நிகழ்ந்தன என்று சாத்தனார் காட்டுவது எத்துணைப் பெரிய செய்தி! தொல்லியலார் அதைப் படித்துப் பயன்கொண்டனர். நாமோ அதைத் தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாக வைத்துக்கொண்டு அமைந்துவிட்டோம்.

அகழ்ந்தெடுத்ததன் காலத்தை அளந்தறியும் முறைகள் இப்போது பெரிதும் வளர்ந்துள்ளன. சிவகளைத் தாழியொன்றில் கிடைத்த நெல் உமி பொ.ஆ.மு. 1155ஐச் சேர்ந்தது என 2021இல் அறிவிக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் கீழ்நமண்டியில் ஈமப்பேழை அமைந்த குழியிலிருந்து எடுத்த கரித்துண்டின் காலம் பொ.ஆ.மு. 1692 என்று 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை கூறுகிறது. சிவகளை இரும்புப் பொருள்களோடு தொடர்புடைய மாதிரிகள் அதனினும் முற்பட்ட காலத்தைக் காட்டுவதாகவும், அவற்றுள் ஒன்று பொ.ஆ.மு. 3345க்குச் செல்வதாகவும் அவ்வறிக்கை உரைத்தது. இவ்வெண்களைக் கேட்டு மேடைகளில் கைதட்டல் எழுகிறது, எழட்டும். ஆயினும் பல்லாவரத்தில் 2016இல் வெளிப்பட்ட மற்றொரு பேழையின் வயது ஏறத்தாழ 2,300 ஆண்டு என்று மதிப்பிடப்பட்டது என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும். பேழையிற் புதைக்கும் வழக்கம் கீழ்நமண்டியில் தோன்றிப் பல்லாவரத்தில் முடிந்ததா? ஆயிரம் ஆண்டுக்கு மேல் மாறாது நின்றதா? அன்றி நம் மதிப்பீடுகளில் ஒன்று திருத்தம் பெற வேண்டியதா? கைதட்டி முடித்தபின் கேட்கத்தக்க வினா இதுதான். இதற்கு விடைகாண இன்னும் பல குழிகள் முறையாக அகழப்பட வேண்டும். அகழ்வதற்குக் குழி எஞ்சியிருக்க வேண்டுமே!

மேலிருந்து நோக்கியவர்கள்

நூற்பா நிலைகளுள் ஒன்றாக நன்னூலார் பருந்தின் வீழ்வைக் கூறுவார். வானத்தில் வட்டமிடும் பருந்து நெடுந்தொலைவிலிருந்தே தன் இரையைக் கண்டு, வேறெங்கும் அலையாது நேரே அதன்மேல் வீழ்ந்து கவர்ந்து மீள்வதுபோலப் பொருள்கொள்ளும் முறை அது. தொல்லியலில் இதற்கு இணையான நெறியொன்று முதல் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உருவாயிற்று. போரில் வானூர்தியில் நோக்கராகப் பணிபுரிந்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு, தரையில் நின்றால் கண்ணுக்குப் புலப்படாத பழஞ்சின்னங்கள் வானிலிருந்து எடுத்த ஒளிப்படத்தில் துலங்குவதைக் கண்டார். அலெக்சாண்டர் கெய்லருடன் இணைந்து அவர் பறந்து எடுத்த படங்கள் 1928இல் நூலாக வந்தன.

இதன் நுட்பம் நம் உழவர்க்கு எளிதில் விளங்கும். என்றோ வெட்டிய பள்ளம் காலப்போக்கில் தூர்ந்து மூடிவிட்டாலும் அவ்விடத்து மண் மட்டும் பிற இடங்களைக் காட்டிலும் ஈரத்தை மிகுதியாகத் தாங்கி நிற்கும். அதன்மேல் விளையும் பயிர் சற்று உயரமாகவும் கரும்பச்சையாகவும் வளரும். அடியிற் கல்லோ சுவரோ இருப்பின் வேர் இறங்க வழியின்றிப் பயிர் குன்றி முன்னதாகவே பழுக்கும். வரப்பில் நிற்பவனுக்கு இது திட்டுத்திட்டான விளைச்சலாகத் தோன்றும்; வானிலிருந்து நோக்குபவனுக்கோ வட்டமும் சதுரமுமாக வடிவம் கொள்ளும். இனி, காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்ந்திருக்கும்போது, ஒரு சாண் உயரமுள்ள மேடும் நீண்ட நிழல் வீழ்த்தித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஈண்டு ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். ஸ்டோன்ஹெஞ்சு என்னும் புகழ்பெற்ற கல்வட்டத்திற்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் உழுது தேய்ந்த மேடொன்று இருந்தது. பழங்கால ஈமமேடு என்று அதனை எல்லாரும் கருதியிருந்தனர். 1925 டிசம்பரில் வான்படை அதிகாரி கில்பர்ட் இன்சால் அவ்வழியே பறந்தபோது, அம்மேட்டின் வட்டத்தினுள் புள்ளிபுள்ளியாகக் கறுத்த அடையாளங்களைக் கண்டார். மறு ஆண்டு கோதுமை விளைந்து நின்ற கோடையில் மீண்டும் பறந்து படமெடுத்தார். வரிசை வரிசையாகக் குழிகள் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. உடனே மாட் கன்னிங்டன் என்னும் அம்மையார் தம் கணவருடன் அங்கே அகழத் தொடங்கினார். 1926 முதல் 1929 வரையிலான அவ்வகழ்வில், ஒன்றனுள் ஒன்றாக ஆறு வளையங்களில் மரத்தூண்கள் நாட்டியிருந்த குழிகள் வெளிப்பட்டன. நடுவே ஒரு சிறு குழந்தையின் எலும்புக்கூடு கிடந்தது. ஈமமேடு என்று நம்பியது ஈமமேடே அன்று, மரத்தாலான பெருவட்டம். ஆகவே அதற்கு வுட்ஹெஞ்சு என்று பெயரிட்டனர். கன்னிங்டன் இணையர் அந்நிலத்தைத் தம் பொருள் கொடுத்து வாங்கி, பின்னர் அதை நாட்டுக்கே வழங்கினர். அவர்களின் அகழாய்வைவிட இச்செயலே என் மனத்தில் உயர்ந்து நிற்கிறது.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? ஊரார் ஈமமேடு என்றனர், தவறாயிற்று. வான்படம் குழிகளைக் காட்டியது. ஆனால் அவை எதற்கான குழிகள் என்று சொல்ல அதனால் இயலவில்லை. மண்ணில் இறங்கிய பின்னரே உண்மை தெரிந்தது. வெறுமனே வட்டமிட்டுக்கொண்டிருக்கும் பருந்துக்கு இரை கிட்டாது. எங்கே வீழ்வதென்று அறியாது வீழும் பருந்துக்கும் கிட்டாது. நம் நிலத்தில் இவ்வெச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டப்படுவது. வானிலிருந்து வட்டமாகத் தெரிவதெல்லாம் கல்வட்டம் ஆகா. நெற்களம் வட்டமாகத் தெரியும். செங்கற் காளவாய் எரிந்த இடம் வட்டமாகத் தெரியும். தூர்ந்த கிணறும் அவ்வாறே.

நம் தலைக்குமேல் பறப்பவை

வியப்பு யாதெனில், இந்நெறிக்கு வேண்டிய வானம் நம் ஊரில் என்றும் ஓய்ந்திருந்ததில்லை என்பதே. தாம்பரம் வான்படைத் தளத்தில் 1954 முதல் பறத்தற் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி இயங்கி வருகிறது. மீனம்பாக்கத்தில் நாள்தோறும் இறங்கும் விமானங்களுக்குக் கணக்கில்லை. இறங்கும் விமானத்தின் சன்னலோரம் அமர்ந்தவர் பல்லாவரத்துக் குன்றுகளையும் நன்மங்கலத்துக் காட்டையும் கண்ணாரக் காண்கிறார். ஆயினும் இந்நிலப்பரப்பு வீடுகளால் மூடப்படுவதற்கு முன்பு, 1950களிலும் 1960களிலும், இன்சாலைப் போல ஒருவர் இதன் கல்வட்டங்களைத் தேடிப் பறந்திருந்தால் இன்று நம் கையில் எத்தகைய கருவூலம் இருந்திருக்கும்! பாதுகாப்புக் காரணங்களால் வான்படம் எடுப்பது நம் நாட்டில் நெடுங்காலம் கடுங்கட்டுப்பாட்டில் இருந்தது. நிலப்படத் தரவுகளுக்கான விதிகள் தளர்த்தப்பட்டதே 2021 பிப்ரவரியில்தான். தமிழக அரசின் தொல்லியல் துறை கீழடியில் ஆளில்லா வானூர்தியையும் தரை ஊடுருவும் ரேடாரையும் பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் கீழடியில் பறக்கவிடுவதும் பன்னாட்டு வானூர்தி நிலையத்தின் மதிலோரம் பறக்கவிடுவதும் ஒன்றல்ல. பல்லாவரத்தில் அதற்கு ஒப்புதல் பெறுவதே ஒரு தவம்.

எனினும் கடந்த காலத்து வானம் முற்றிலும் மறைந்துபோகவில்லை. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் உலகின் பெரும்பகுதியைப் படமெடுத்தன. கொரோனா என்னும் பெயரால் வழங்கிய அத்திட்டத்தின் படங்கள் 1995இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. மேற்காசியத் தொல்லியலார் அவற்றைக் கொண்டு பழைய ஊர்மேடுகளையும் சாலைகளையும் நூற்றுக்கணக்கில் அடையாளம் கண்டுள்ளனர். அப்படங்களின் நுண்மை சிறு கல்வட்டம் ஒவ்வொன்றையும் காட்டப் போதாமற் போகலாம். ஆனால் ஏரி எது, மேடு எது, உழாது விட்ட தரிசு எது, கல்லுடைத்த குழி எது என்று சிட்லப்பாக்கமும் செம்பாக்கமும் சிற்றூர்களாக இருந்த நாளின் நிலத்தோற்றத்தை அறிய அவற்றினும் நல்ல துணை இல்லை. நீர்நிலைக்கு அருகே, உழவுக்கு உதவாத சரளை மேட்டில், குன்றின் அடிவாரத்தில்தான் பெருங்கற்கால மக்கள் பெரும்பாலும் தம் இறந்தோரைப் புதைத்தனர். அத்தகைய மேடுகள் எவை என்று தெரிந்தால் தேடும் இடம் பாதியாகக் குறையும்.

மாடி எடுக்க இயலாத வீடு

இனி அம்மாணவியின் துயருக்கு வருவோம். பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டு நடுவணரசுச் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒப்புதல் பெற்றே கட்டலாம். தடை எல்லைக்குள் உள்ள பழைய வீட்டை இசைவு பெற்றுப் பழுதுபார்க்கலாம். புதிதாக மாடி எடுத்தல் ஆகாது. நோக்கம் நன்று. தாஜ்மகாலை ஒட்டி அடுக்குமாடி எழுந்தால் நாம் பொறுப்போமா?

ஆனால் கோயிலுக்கும் கோட்டைக்கும் மதில் உண்டு, மதிலிலிருந்து அளக்கலாம். ஈமக்காட்டிற்கு மதில் எது? அது மண்ணுக்கடியில் கிடப்பது. பழைய ஆவணத்தில் உள்ள புல எண்ணின் எல்லையை ஈமக்காட்டின் எல்லையாகக் கொண்டு 100 மீட்டரை அளந்தால், ஒரு புதைகுழிகூட இல்லாத தெருவில் குடியிருப்பவர் தலைமுறை தலைமுறையாக ஓட்டு வீட்டிலேயே இருக்க நேரும். அதே வேளையில், எல்லைக்கு அப்பால் உண்மையான கல்வட்டம் ஒன்று பொக்லைன் வாயில் போய்ச் சேரும், கேட்பார் இரார். விளைவு என்ன? கடைக்கால் தோண்டும்போது தாழி ஓடு தென்பட்டால் வீட்டுக்காரர் மகிழ்வதில்லை, அஞ்சுகிறார். இரவோடு இரவாக அதை அள்ளிக் குப்பையில் கொட்டிவிடுகிறார். காப்பதற்கென எழுந்த சட்டமே அழிவுக்குத் தூண்டுகோலாகிறது. இதை அவர் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பெண்மக்களை வைத்துக்கொண்டு ஓர் அறை கூடுதலாகக் கட்ட முடியாதவரிடம் போய்த் தமிழரின் தொன்மையைப் பேச நானும் கூசுவேன்.

என் கருத்து இதுவே: கோட்டை முதலில் வரைந்துவிட்டு நிலத்தைப் பின்னர் பார்ப்பது முறையன்று. பழைய வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் திரட்டி நிலத்தின் பழந்தோற்றத்தை முதலில் வரைய வேண்டும். எங்கே மேடு இருந்ததென்று தெரிந்தபின் அங்கங்கே ரேடார் கொண்டு ஆராய்ந்து, ஐயமுள்ள இடங்களில் சிறு சோதனைக் குழிகள் இட்டுப் பார்க்க வேண்டும். குழி உள்ள இடம் எது, இல்லாத இடம் எது என்று அதன்பின் அச்சமின்றிச் சொல்லலாம். இல்லாத இடத்தில் மக்களுக்கு விடுதலை தரலாம். உள்ள இடத்தில், ஒரு சென்ட் நிலமாயினும், உரிய விலை கொடுத்து வாங்கிக் காக்கலாம். “அகழாய்வுக்கே ஆண்டுக்கணக்கில் ஆகும், அதுவரை மக்கள் காத்திருப்பதா?” என்று கேட்பர். ரீ அகழ்ந்த நாளிலிருந்து இன்றுவரை நூற்று முப்பது ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டன. மூன்று ஆண்டு முனைந்து ஆராய்வது அதனினும் நீண்டதா? சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. நிலப்படம் தீட்டுவதை எவரும் தடுக்கவில்லை. தாம்பரம் 2021இல் மாநகராட்சியாகிப் பல்லாவரத்தையும் தன்னுள் இணைத்துக்கொண்டது. மழைநீர் வடிகாலுக்கு நிலப்படம் வரைவோர் இதையும் உடன் வரைந்தால் குறைந்தா போகும்?

கபுரைத் தோண்டலாமா?

மூன்றாவது வினாவே எனக்குக் கடினமானது. இறந்தவர் உடலைக் கண்ணியத்தோடு நீராட்டி, துணி போர்த்தி, தோளில் சுமந்து சென்று மண்ணில் அடக்குவது எங்கள் வழக்கம். அடக்கியபின் அவ்விடத்தை மிதிப்பதும் ஆகாது. அவரது எலும்பை முறிப்பதும் ஆகாது என்றே சிறுவயது முதல் கற்றுவந்தோம். என் அத்தாவின் கபுரை ஆராய்ச்சிக்கெனத் திறக்க எவரேனும் வந்தால் நான் ஒப்புவேனா? ஒப்பேன். அப்படியாயின் பல்லாவரத்துப் பேழையில் கிடப்பவர் எவர் அத்தா? அவருக்காக மறுத்துப் பேச ஆளில்லை என்பது ஒன்றே அவரைத் தோண்டுவதற்கு நியாயமாகுமா?

நெடிது எண்ணிப் பார்த்து நான் கொண்ட முடிவு இது. ஒருவரும் தொடாமல் அமைதியாகக் கிடக்குமாயின் அக்குழி அவ்வாறே கிடக்கட்டும். வான்படத்தில் குறித்துக்கொண்டு அகலலாம். எல்லாவற்றையும் தோண்டிவிட வேண்டும் என்ற வேட்கை எனக்கு உடன்பாடன்று. நாளை நம்மினும் நுண்ணிய கருவிகளோடு வருவோருக்கும் சில விட்டுவைக்க வேண்டும். ஆனால் பொக்லைன் வருவது உறுதியென்றால், அதற்கு முன் அகழ்வோன் வருவதே இறந்தவருக்குச் செய்யும் மரியாதை.

முறையான அகழாய்வு எத்துணைப் பொறுமையுடையது என்பதைப் பலர் அறியார். கல்வட்டத்தை நான்கு கால்வட்டமாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டை மட்டும் முதலில் தோண்டுவர். மண்ணடுக்கு அழியாதபடி இடையே மண்சுவரை விட்டுவைப்பர். பின்பு தூரிகையும் சிறுகரண்டியும் கொண்டு விரற்கடை விரற்கடையாக இறங்குவர். கற்குவியல் முதலில், அதன்கீழ் மூடுகல், அதன்கீழ் பேழை, பேழையைச் சூழக் கறுப்பு-சிவப்புப் பானைகள், பானையை நிறுத்தும் வளையத்தாங்கிகள், இரும்பு வாள், கத்தி, மணிகள். பேழையினுள் முழு உடல் கிடப்பது அரிது. பிறிதோரிடத்தில் உடலை வைத்திருந்து பின்னர் எலும்புகளைத் திரட்டிக் கொணர்ந்து வைத்ததே பெரிதும் காணப்படும். அதாவது, அவர்கள் ஒருமுறை இட்டுவிட்டு அகன்றவர்கள் அல்லர். இறந்தவரைத் தேடி மீண்டும் வந்தவர்கள். பொறுக்கி எடுத்துப் பானையில் உணவும் வைத்து, ஊர்கூடிப் பெருங்கல்லை இழுத்துவந்து நாட்டியவர்கள். அத்துணை அன்போடு வைத்ததைச் சக்கரத்தின்கீழ் நசுக்குவதைவிட, எண்ணிட்டுப் படமெடுத்துத் துணியில் பொதிந்து எடுப்பது கொடிதா?

அருங்காட்சியகத்து மனித எலும்புகளுக்கு நேரும் கதி பற்றித் தனியே எழுத வேண்டும். எடுத்தவர்கள் அவற்றைப் பெயரிடாத பெட்டியில் பூட்டி மறந்துவிடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. ஆய்வு முடிந்தபின் அதே மண்ணில் மீள அடக்கினால் என்ன?

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில், பதினோரு மாணவர்களை அழைத்துக்கொண்டு பல்லாவரத்துக் குன்றின்மேல் ஏறினேன். ஆளில்லா வானூர்தி எம்மிடம் இல்லை. குன்றுதான் எங்கள் வானூர்தி. தாழ்ந்த வெயிலில் கட்டடங்களின் நிழலே எங்கும் நீண்டு கிடந்தது. எந்த மேடும் எங்கள் கண்ணில் படவில்லை. அப்போது அந்த மாணவி தன் பையிலிருந்து தாள் ஒன்றை எடுத்தார். அதில் கோணல்மாணலாக ஒரு படம்: ஏரிக்கரை, பனைமரம் மூன்று, கிணறு, ஒற்றையடிப் பாதை. பாதையின் இடப்புறம் ஏழு வட்டங்கள். “நன்னி சொன்னாங்க ஐயா. அவங்க கல்யாணமாகி வந்த புதுசிலே, ஆடு மேய்க்கப் போனால் இந்தக் கல்லுமேலேதான் உட்காருவாங்களாம். ஏழு இருந்துச்சாம், அஞ்சு அவங்க பார்க்கவே போயிடுச்சாம்” என்றார்.

பாட்டியம்மையார் சுட்டிய கிணறு இன்னும் உள்ளது. அதன்மேல் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வடகிழக்காக அறுபது தப்படி என்று அவர் கணக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது அத்தாளையும், அதே நிலத்தின் பழைய செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் வேலையில் எம் மாணவர் நால்வர் ஈடுபட்டிருக்கின்றனர். எஞ்சிய இரண்டு வட்டங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.